பாணி பிடித்தவர்

பேய் பிடித்தவரைப் பார்த்திருப்பீர்கள். சனி பிடித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. பாணி பிடித்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள், அடையாளம்தான் தெரிந்திருக்காது.

கழுத்தில் கேமரா தொங்கும். ஆனால் கேமரா தொங்குகிற கழுத்தெல்லாம் இந்த இனம் அல்ல. ஸ்டுடியோக்காரர் இந்த இனம் அல்லவே அல்ல. அவர் பாவம், "கொஞ்சம் சிரிங்க" என்பார், சிரிப்போம், எடுப்பார், போய்விடுவார். பாணி பிடித்தவர் சிரிக்கச் சொல்ல மாட்டார். சிரித்தால் முகம் சுளிப்பார். "சாதாரணமா இருங்க" என்பார். சாதாரணமாக இருந்தால், "இவ்வளவு சாதாரணமா வேண்டாம்" என்பார். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஒரு நல்ல படத்தை அவர் முன்னால் நீட்டுங்கள். நன்றாயிருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்ல மாட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு, "இது யார் பாணி?" என்று கேட்பார். கேட்டுவிட்டாரா? தள்ளி நின்றுகொள்ளுங்கள். ஒட்டிக்கொள்ளும்.

பொதுவாகச் சொன்னால் புரியாது. ஒருவரைப் பிடித்து வைத்துப் பார்ப்போம்.

நம்மவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர். வயது நாற்பத்தாறு. ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு கேமரா. மூன்றில் எதற்கு முதலிடம் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை, பதில் தெரியும். கேமரா வந்து ஐந்து வருடமாகிறது. வந்த புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு மனிதராகத்தான் இருந்தார். கெட்டது எங்கே என்றால், ஒருநாள் பழைய புத்தகக் கடையில். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், யாரோ ஒரு மேதை எடுத்த படங்கள். பின்னட்டையில் போட்டிருந்தது: 'மேதைகளைப் படியுங்கள். அவர்களைப் போலவே எடுத்துப் பழகுங்கள். பிறகு மறந்துவிடுங்கள்.' மூன்று உபதேசத்தில் முதல் இரண்டை நம்மவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது இருக்கிறதே, அதை மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு மேதை. படத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துக் கோடு இழுப்பார், அளவுகோலால் அளப்பார், எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்று கோடு போட்ட நோட்டில் எழுதுவார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இந்நேரம் மீட்டருக்குச் சொந்தக்காரராகவே ஆகியிருப்பார். படத்தோடு விட்டாரா? ஒரு மேதை தொப்பி போட்டிருந்தார், நம்மவரும் தொப்பி வாங்கினார். இன்னொரு மேதை கேமராவின் பளபளப்பு தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார், நம்மவரும் ஆபீஸ் இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றினார், ஒருநாள் படமெடுக்கிற பொத்தானே அகப்படவில்லை. அந்த மேதைக்கும் அவர் மனைவிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்று முன்னுரையில் இருந்தது. அந்த ஒரு பாடத்தில் மட்டும் நம்மவர் பயிற்சி இல்லாமலே தேறிவிட்டார்.

முதலில் பிடித்தது நிழல் மேதை. மகளுடைய பள்ளி அடையாள அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு மணி நேரம் எடுத்தார். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் கும்மிருட்டு. பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு வரி: 'மீதியையும் அனுப்பவும்.'

ரீடிங் எடுத்த கையோடு மீட்டரையும் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. அதுவும் நிழலில் போயிற்று. சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? அஞ்சு நம்பர்ல ரெண்டுதான் தெரியுது."

"மீதியை பாக்கறவங்க மனசு நிரப்பிக்கணும் சார்."

"பாக்கறவன் மனசுல சைபர்தான்யா வரும். போய் மறுபடி எடுத்துட்டு வா."

போனார், எடுத்தார். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பெருமிதம். எந்த மேதையைத்தான் அவர் காலத்தில் புரிந்துகொண்டார்கள்?

நிழல் போய்ப் பனி வந்தது, பனி மேதைக்கு எல்லாமே மங்கலாகத் தெரிய வேண்டும். இந்த ஊரில் பனிக்கு எங்கே போவது? மனைவி இட்டிலிப் பானையைத் திறக்கிற நேரம் பார்த்து அடுப்படியில் போய் நின்றார். பனி போய்த் தலைவெட்டி மேதை வந்தார், மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் கழுத்துக்குமேல் எதுவும் இல்லை. அதன்பின் வந்தவர்தான் வில்லங்கம் பிடித்தவர், வெற்றிட மேதை. இந்த மேதை ஆளையே எடுக்க மாட்டார். பெரிய தலைவரை எடுக்கக் கூப்பிட்டால் அவர் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்துக்கொண்டு வருவார். பாட்டுக்காரியை எடுக்கப் போனால் மடக்கி வைத்த நாற்காலியோடு திரும்புவார். 'முகம் பொய் சொல்லும், எழுந்து போன இடம் பொய் சொல்லாது' என்பது அவர் வாக்கு. நம்மவர் அதை நோட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

அந்தக் கோட்டின் ஈரம் காய்வதற்குள் மைத்துனர் ஓய்வு பெற்றார்.

மைத்துனர் என்றால் மனைவியின் அண்ணன். பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருடம் ஒரே தடம், போக ஐம்பது நிறுத்தம், வர ஐம்பது நிறுத்தம். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்காத மனிதர். இப்போதும் அவராகக் கேட்கவில்லை. டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் கடைசி நாளன்று பஸ் முன்னால் எல்லாரும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அதைத்தான் மனிதர் சந்தோஷம் தாங்காமல் தங்கை வீட்டுக்கு வந்து சொன்னார்.

"கூடத்துல மாட்டப் போறேன். நான் வீட்டுல சும்மா உக்காந்திருக்கறப்ப எல்லாப் பசங்களும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கணும். ஆணிகூட அடிச்சாச்சு."

நம்மவருக்குச் சுருக்கென்றது. "மச்சான், நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்ப ஸ்டுடியோக்காரனா? நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாங்க?"

மைத்துனர் தங்கையைப் பார்த்தார். தங்கை கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாரையும் நேரா நிக்க வச்சு, நேரா எடுப்பீங்கல்ல?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

வாசகரே, கேட்ட கேள்விக்கு இது பதிலா? இல்லை. இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தாலும் அண்ணன் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க முடியுமா? "ஸ்டுடியோக்காரர வேண்டாம்னு சொல்லிடுண்ணே. இவரே எடுத்துடுவாரு, நான் பொறுப்பு" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அந்த நாள் வந்தது. பஸ்ஸைக் கழுவித் துடைத்து டிப்போ நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நாலு பத்துக்கு அது சாயங்காலத் தடத்துக்குக் கிளம்பியாக வேண்டும், புது டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றார். மணி மூன்று இருபது. இருபத்தேழு பேர், டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், தலை வாரி, பவுடர் போட்டு, உயரமானவர் பின்னால் குட்டையானவர் முன்னால் என்று தாங்களாகவே மூன்று வரிசை கட்டி நின்றார்கள். நடுவில் மைத்துனர், தேய்த்த சட்டையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கேமராவைத் தூக்கி ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது கதை.

நம்மவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். எல்லாரும் நேராக நின்றார்கள். எல்லாரும் முன்னால் பார்த்தார்கள். எல்லாருக்கும் முகம் இருந்தது. அவருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எந்த மேதையாவது இதை எடுப்பாரா?

"வெளிச்சம் இன்னும் கனியல" என்றார். "எல்லாரும் பஸ்ஸுக்குள்ள போய் உக்காருங்க. கூப்பிடறேன்."

"வெயில் இப்பவே நல்லாத்தானே சார் அடிக்குது?" என்றார் ஒரு மெக்கானிக்.

"அடிக்கறது வேற, கனியறது வேற."

ஏறி உட்கார்ந்தார்கள். நம்மவர் வேலையை ஆரம்பித்தார். மைத்துனர் முப்பத்திரண்டு வருடம் ஓட்டிய வாழ்க்கையைத் தேடித் தரையோடு தரையாகப் படுத்தார். டயரை எடுத்தார், அதற்கு எட்டு நிமிடம். படிக்கட்டுத் தேய்மானத்தை எடுத்தார். ஆணியில் தொங்கிய அழுக்குத் துணியை மூன்று கோணத்தில் எடுத்தார், மழைத் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தை எடுத்தார், பஸ்ஸின் நிழலை எடுத்தார், நிழலுக்குள் தன் நிழல் வந்துவிட்டதே என்று விலகிப்போய் மறுபடி எடுத்தார். ஜன்னல் வழியாக இருபத்தேழு தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னத்தடா தேடறாரு? ஏதாச்சும் தொலைச்சிட்டாரா?"

"பஞ்சர் பாக்கறாரு போல."

மணி மூன்று ஐம்பத்தைந்து. இனி உள்ளே, உச்சகட்டம். ஆளில்லாத டிரைவர் இருக்கை! நம்மவர் மனசுக்குள் அது ஏற்கெனவே சட்டம் போட்டுத் தொங்கிவிட்டது. ஏறிப் பார்த்தால், இருக்கையில் ஆள் இருந்தது. மைத்துனர்தான். பழக்கதோஷம், கால் தானாகக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டது.

"மச்சான், எந்திரிங்க."

"எங்க உக்காரட்டும் மாப்பிள்ளை?"

"எங்கயாவது உக்காருங்க. படத்துல நீங்க வரக்கூடாது."

யாருக்காகப் படமோ, அவர் படத்தில் வரக்கூடாது. மைத்துனர் மறுபேச்சில்லாமல் எழுந்து, பயணிகளின் முதல் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நம்மவர் இரண்டு வரிசைக்கும் நடுவே முழங்காலிட்டு, குனிந்து, பின்புறத்தை இருபத்தேழு பேருக்கும் காட்டிக்கொண்டு குறி பார்த்தார். அப்போதுதான் பழைய கண்டக்டர், மைத்துனரோடு பதினாறு வருடம் ஓடியவர், பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"முன்சீட்டு பெருசு! டிக்கெட் எடுத்தாச்சா?"

மைத்துனர் திரும்பாமலே சொன்னார். "முப்பத்திரெண்டு வருஷமா எடுக்காமத்தாண்டா வர்றேன். இன்னிக்கித்தான் கண்ணுல பட்டனா?"

பஸ்ஸே அதிர்ந்தது. மெக்கானிக் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒருவருக்குப் புரையேறியது.

"வண்டி ஆடுது, யாரும் சிரிக்காதீங்க!" என்று நம்மவர் கத்தினார்.

கேட்கவா வேண்டும்? சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அந்த ஆட்டத்தில் அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. பார்த்தார். இருக்கை கலங்கிப்போயிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, நாலு பேரை அதட்டி அமைதியாக்கி, இன்னும் பதினொரு தடவை எடுத்தார். பன்னிரண்டாவதற்கு விசில் கேட்டது. டைம் கீப்பர் கீழே நின்று கையை ஆட்டினார். நாலு பத்து. எல்லாரும் இறங்கினார்கள், புது டிரைவர் ஏறினார், பஸ் போய்விட்டது. ஆட்களும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள்.

"மாப்பிள்ளை, அந்த குரூப் போட்டோ..."

"பஸ் போயிடுச்சே மச்சான்."

"ஆமால்ல" என்றார் மைத்துனர். "பஸ் போயிடுச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மவர் மனைவியோடு மைத்துனர் வீட்டுக்குப் போனார். கையில் தடித்த அட்டை, உள்ளே பன்னிரண்டு படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. மைத்துனர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது டயரு."

"ஆமா மச்சான்."

"பின்னாடி இடது பக்கம்."

"அட, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நாந்தானே ஓட்டினேன்" என்று அடுத்ததைத் திருப்பினார். துணி, தண்ணீர், படிக்கட்டு. கூட்டத்தில் சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார். பன்னிரண்டும் முடிந்ததும் கடைசிப் படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கேயும் யாரும் இல்லை.

"நல்லாருக்கு மாப்பிள்ளை" என்றார். "காப்பி குடிங்க."

திட்டியிருந்தால் தங்கை பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். காப்பி குடிக்கச் சொன்னால் என்ன செய்வது? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்துச் சுவரில், மின்விசிறிக்கு நேர் எதிரில், அந்த ஆணி. அதன் தலையில் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது. நம்மவரும் அதைப் பார்த்தார். எதுவும் மாட்டாத ஆணி! இதைவிட ஒரு வெற்றிடம் உண்டா? கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். கை தானாகத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்த நாலாவது நாள் சாயங்காலம் நம்மவர் ரீடிங் முடித்து வந்தபோது மனைவியும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் 'கழிவு' என்று பேர் வைத்த பெட்டகம் திறந்து கிடந்தது. சரியாக வராத படங்களை அவர் தள்ளி வைக்கிற இடம் அது.

"அப்பா, மாமா இருக்காருப்பா!"

டிரைவருடைய தலைக்கு மேலே, பயணிகளைப் பார்ப்பதற்கென்று அகலமாக ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும், கவனித்திருப்பீர்கள். வண்டி ஆடிய ஆட்டத்தில் கேமரா இருக்கையை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இருக்கை ஒரே கலங்கல். கண்ணாடிக்குள் இருபத்தேழு முகமும் பளிச். கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு, மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு, புரையேறியவர் கண்ணில் நீரோடு. எல்லாருக்கும் முன்னால் மைத்துனர், கம்பியைப் பிடித்தபடி, ஓட்டைப்பல் தெரிய. அவருக்கும் கீழே, ஓரத்தில், ஒரு தொப்பி.

"அது கழிச்சது" என்றார் நம்மவர். "ஃபோகஸ் எடம் மாறிப்போச்சு."

"மாறினதாலதான் எங்கண்ணன் படத்துக்குள்ள வந்திருக்காரு. இதைப் பெருசா போடுங்க."

"இது எந்தப் பாணியும் இல்லடி."

"எங்கண்ணனுக்கு இதுதான் வேணும்" என்றாள். "நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். போடறீங்களா, இல்ல அந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட கொண்டுபோய் நான் போடட்டுமா?"

போட்டார். ஸ்டுடியோக்காரர் பேரைச் சொன்னால் போடாமல் இருக்க முடியுமா? தொப்பியை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். "அது இருக்கட்டும்" என்றாள் மனைவி. "எதுக்குச் சிரிக்கறாங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

மைத்துனர் அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு முகத்தின்மேலும் விரலை வைத்து ஒவ்வொரு பேராகச் சொன்னார். தன் முகத்தில் விரல் வந்ததும் நின்றுவிட்டது.

"முப்பத்திரெண்டு வருஷம் எல்லாரையும் இந்தக் கண்ணாடியிலதான் பாத்தேன்" என்றார். "நான் ஒரு நாளும் அதுக்குள்ள இருந்ததில்ல."

அவரே எழுந்துபோய் ஆணியில் மாட்டினார், நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார், பிறகு மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய ஆளு மாப்பிள்ளை நீங்க. எல்லாரும் உங்கள கேலி பண்ணோம். எப்படி உங்களுக்கு இப்படித் தோணிச்சு?"

இந்த இடத்தில்தான் ஒரு மனிதன் மனிதனாகத் திரும்பி வர முடியும். 'தெரியாம விழுந்தது மச்சான்.' மூன்றே சொல். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்திலிருந்து இருபத்தேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் வாயைத் திறந்தார். சொல் தொண்டைவரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அங்கே ஒரு செருமல் அதை வழிமறித்தது.

"அது வந்து மச்சான்..." என்றார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "இது என் சொந்தப் பாணி."

மனைவி எழுந்து காப்பி போடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து கண்ணாடி. ஊரில் நிற்கிற ஒரு பைக்கை விடுவதில்லை, ஒவ்வொன்றின் பக்கக் கண்ணாடியிலும் கழுத்தை நீட்டுகிறார். சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தவர் எதிரிலே பார்த்தால் பின்னால் நம்மவர் குனிந்து நிற்கிறார். எவர்சில்வர் தட்டு, கடை ஜன்னல், பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி, ஒன்றும் தப்பவில்லை. ஆயிரத்துச் சொச்சம் படம் ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பு ஒன்றில்கூட அகப்படவில்லை. தன்னுடைய பாணியைத் தானே மெல்லிய காகிதம் வைத்துக் கோடு இழுத்துப் பார்க்கிறார், அளவெல்லாம் சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் வரவில்லை. போன வாரம் சூப்பர்வைசர் மறுபடியும் கூப்பிட்டார்.

"மீட்டர் எங்கய்யா? எல்லாத்துலயும் கண்ணாடிக்குள்ள உன் மூஞ்சிதான் தெரியுது."

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. இப்போது உங்கள் போனை எடுங்கள். போன தடவை ஊர் சுற்றப் போனபோது அம்மாவை நிற்க வைத்து எடுத்தீர்களே, அதில் வானம் இருக்கிறது, கோபுரம் மாதிரி மேகம் இருக்கிறது, அம்மா எங்கே? மூலையில் எறும்பு மாதிரி தெரிகிறதே, அதுவா? போனில் ஒன்றும் இல்லை, எனக்குப் படமெடுக்கிற வியாதியே கிடையாது என்கிறீர்களா? சரி, உங்கள் கையெழுத்தில் கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு சுழி போடுகிறீர்களே, அதை எந்த வாத்தியாரிடமிருந்து எடுத்தீர்கள்? போனில் 'சொல்லுங்க' என்று குரலைக் கனமாக்கிக்கொள்கிறீர்களே, அது எந்த மேனேஜருடையது? எல்லாம் போகட்டும். இதைப் படித்துக்கொண்டே கன்னத்தில் கை வைத்திருக்கிறீர்களே, அது யார் பாணி?

அவசரப்பட்டுக் கையை எடுக்க வேண்டாம். எடுக்கிற விதமும் யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும்.